கையுறையும் முகக்கவசமும்: யாரிடமிருந்து யாருக்குக் காவல்?

எந்த மருத்துவமனைக் கிடங்கிலும் கையுறைப் பெட்டிகளும் முகக்கவசப் பெட்டிகளும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரே கோரிக்கைச் சீட்டில் எழுதிக் கேட்கிறார்கள். ஒரே தட்டில் வைத்து நோயாளியிடம் கொண்டுபோகிறார்கள். கழிவாகும்போதுதான் அவை பிரிகின்றன. மருத்துவக் கழிவு விதிகளின்படி கையுறை சிவப்புப் பைக்கும் முகக்கவசம் மஞ்சள் பைக்கும் போகவேண்டும். அந்த இறுதிப் பிரிவு தற்செயல் அல்ல. இரண்டும் வேறு வேறு பொருளால் ஆனவை, வேறு வேறு வழியில் வரும் நோய்க்கு எதிரே நிற்பவை. அதைவிட வியப்பானது, எதிரெதிர் நோக்கங்களோடு பிறந்து, நடுவழியில் ஒன்றின் வேலையை மற்றொன்று ஏற்றுக்கொண்டவை. மருத்துவரையும் செவிலியரையும் காக்கும் கருவிகள் என்று இன்று இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். அந்தப் பெயர் இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்துகிறதா என்று எடைபோட்டுப் பார்க்கலாம்.

கையுறையின் தொடக்கம் ஒரு செவிலியரின் கையில் இருக்கிறது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே அறுவை அரங்கில் பணியாற்றிய கரோலைன் ஹாம்ப்டனின் கைகள், கிருமி கொல்லப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசலால் வெந்து வெடித்தன. வேலையை விட்டுவிடும் நிலை. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவர் கைகளுக்கு அச்செடுத்துக் குட்இயர் ரப்பர் நிறுவனத்துக்கு அனுப்பி, மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்து தரச் சொன்னார். அடுத்த ஆண்டே இருவரும் மணந்துகொண்டார்கள் என்பதால் இதைக் காதல் கதையாகச் சொல்வது வழக்கம். ஒப்பாய்வுக்கு வேண்டியது வேறு செய்தி: அந்தக் கையுறை நோயாளிக்காகப் பிறக்கவில்லை; கிருமிக்கு எதிராகக்கூடப் பிறக்கவில்லை. மருந்தின் எரிச்சலிலிருந்து ஒரு பணியாளரின் தோலைக் காப்பாற்றப் பிறந்தது.

முகக்கவசத்தின் தொடக்கம் இதற்கு நேர் எதிர்த் திசையில். 1890களில் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் ஃப்ளூகே, பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளில் கிருமிகள் இருப்பதைக் காட்டினார். அதே ஊரின் அறுவை மருத்துவர் யோஹான் மிக்குலிச் 1897இல் ஒற்றை அடுக்குக் காஸ் துணியை வாயில் கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். அதே ஆண்டு பாரிசில் பால் பெர்ஜேயும் கட்டிக்கொண்டார். இருவருக்கும் தங்கள் உயிரைப் பற்றிய கவலை இல்லை. தம் எச்சில் துளி நோயாளியின் திறந்த புண்ணில் விழுந்துவிடக் கூடாது என்பதே கவலை. அதாவது கையுறை பணியாளரைக் காக்க வந்தது. முகக்கவசம் பணியாளரிடமிருந்து நோயாளியைக் காக்க வந்தது.

இனித்தான் திருப்பம். ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட், தன் கைக்கு எந்தத் தொல்லையும் இல்லாதபோதும் அறுவைதோறும் கையுறை அணியத் தொடங்கினார். குடலிறக்க அறுவைகளில் சீழ் பிடிப்பது நூற்றுக்கு 17 அளவிலிருந்து 2 அளவுக்கு இறங்கிவிட்டதை 1899இல் வெளியிட்டார். செவிலியரின் தோலுக்காக வாங்கிய பொருள், நோயாளியின் வயிற்றைக் காப்பாற்றியது. கண்ணெதிரே பத்தாண்டு இருந்த உண்மையைக் கண்டுகொள்ள ஒருவர் எண்ணிக் கணக்கெடுக்கவேண்டியிருந்தது.

முகக்கவசம் திரும்பியது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, மஞ்சூரியாவின் கடுங்குளிரில். பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வு லியன்தே, 1910 டிசம்பரில் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவிக்கொண்டிருந்தது எலித்தெள்ளு வழியாக வரும் பிளேக் அல்ல, நுரையீரலைத் தாக்கி மூச்சு வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும் பிளேக் என்று அவர் பிணக்கூறு ஆய்வுக்குப் பின் சொன்னார். காஸ் துணிக்கு இடையே பஞ்சை வைத்துத் தைத்த தடித்த கவசத்தை மருத்துவர்களும் பிணம் தூக்குவோரும் அணியவேண்டும் என்றார். பிரெஞ்சு மருத்துவர் மேனி அதை ஏற்கவில்லை. கவசம் இன்றி நோயாளிகளைச் சோதித்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோயோடு, நோயாளிக்காகக் கட்டப்பட்ட துணி மருத்துவரின் உயிர்க்காப்பாக மாறியது.

இரண்டு கதைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கிடைக்கும் பொருத்தம் ஒப்பாய்வில் அடிக்கடி வாய்ப்பதில்லை. கையுறை பணியாளரிடமிருந்து நோயாளிக்குச் சென்றது. முகக்கவசம் நோயாளியிடமிருந்து பணியாளருக்கு வந்தது. இரண்டின் திருப்பத்துக்கும் முதல் அறிகுறி ஓர் எண்ணிக்கைதான். அங்கே சீழ்பிடித்த புண்களின் எண்ணிக்கை, இங்கே இறந்தோரின் எண்ணிக்கை.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தப் பயணம் இன்னும் சிக்கலானது. இங்கிலாந்தின் கோல்செஸ்டர் மருத்துவமனையில் நீல் ஓர் என்ற அறுவை மருத்துவர் ஆறு மாதம் முகக்கவசம் இல்லாமலே அறுவை நடத்திப் பார்த்து, புண்ணில் தொற்று கூடவில்லை என்று 1981இல் எழுதினார். ஒரே ஓர் அரங்கின் அனுபவம்தான் அது. அதை வைத்து அறுவை அரங்கிலிருந்து கவசத்தைக் கழற்றிவிட முடியாது, எவரும் கழற்றவும் இல்லை. ஆனால் முகக்கவசம் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையிலேயே அதன் திறன் கேள்விக்குள்ளானது. அதற்குச் சில ஆண்டுகளில் கையுறைக்கு நேர்ந்தது வேறு: அதன் பிறவிப் பயன் அதற்குத் திரும்பக் கிடைத்தது. எச்.ஐ.வி. வந்துவிட்டிருந்தது.

இந்தியாவில் அதன் முதல் தடயம் தமிழ்நாட்டில்தான் கிடைத்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அன்று வார்டில் ரத்தம் எடுப்பவர் கையுறை போடுவது நம் ஊர் வழக்கமே அல்ல. அது அறுவை அரங்கின் பொருள். ஒவ்வொருவர் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளவேண்டும் என்ற நெறி உலகெங்கும் பரவிய பிறகு, கையுறை அரங்கைவிட்டு வெளியேறி வார்டுக்கும், பிரசவ அறைக்கும், ஆய்வகத்துக்கும் வந்தது. நூறாண்டுக்குப் பின் மீண்டும் அது பணியாளரின் காவல் ஆனது.

இரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்தித்த இடம் தாம்பரம். 1928இல் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியம், 1990களில் நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாகவும் ஆனது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றுகிறது என்பதால் இரு நோயும் ஒரே கட்டிலில் படுத்திருந்தன. ஒன்று ரத்தத்தில் வரும்; மற்றது காற்றில் வரும். ஒன்றுக்குக் கையுறை போதும், முகக்கவசம் தேவையில்லை. மற்றதற்குக் கையுறையால் பயனே இல்லை. எந்த உறையை எப்போது அணிவது என்பது நோயின் பெயரைக் கேட்டு முடிவு செய்வதல்ல, அது வரும் வழியைக் கேட்டு முடிவு செய்வது என்பதை இப்படிப்பட்ட வார்டுகள் அன்றாடம் கற்பித்தன.

காசநோய் வார்டில் முகக்கவசத்தின் இரண்டு பிறவிகளையும் ஒருசேரப் பார்க்கலாம். இருமும் நோயாளி அணிவது தளர்வான சாதாரண அறுவைக் கவசம். வெளியே போகும் துளியைத் தடுப்பதற்கு அது போதும். எதிரே நிற்கும் செவிலியர் அணிவது என்95. உள்ளே வரும் காற்றை வடிகட்டுவதற்கு அது வேண்டும். மிக்குலிச்சின் கவசம் நோயாளி முகத்திலும், வு லியன்தேயின் கவசம் செவிலியர் முகத்திலும் இருக்கின்றன. திசை என்பது வெறும் கருத்தல்ல, பொருளிலேயே தெரியும் என்பதற்கு வால்வு வைத்த என்95 சான்று. உள்ளிழுக்கும் மூச்சை அது வடிகட்டும். வெளிவிடும் மூச்சை அப்படியே விட்டுவிடும். அணிந்தவரைக் காத்து அருகிலிருப்பவரைக் கைவிடும் அந்தக் கவசத்தைப் பொதுமக்கள் அணியவேண்டாம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு எச்சரித்தது சரியே.

கையுறையில் அப்படி ஒரு வால்வு கிடையாது. ரப்பர் படலம் இரு பக்கமும் ஒரே மாதிரி தடுக்கும். முகக்கவசம் போலத் திசைக்கொரு வகை அதற்கு வேண்டியதில்லை. பிளட்குட்டின் நோயாளியையும் ஹாம்ப்டனின் தோலையும் ஒரே படலம் காத்ததற்குக் காரணம் இதுவே. இரண்டுக்கும் இடையே உள்ள மிக அடிப்படையான வேறுபாடாக இதைத்தான் சொல்வேன்.

பொருளின் கதையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. கையுறை மரத்தின் பால். ஹாம்ப்டனின் கையுறைக்கான ரப்பர் பெரும்பாலும் காட்டு மரங்களிலிருந்து வந்த காலம் அது. ஆசியத் தோட்டங்கள் இன்னும் சந்தைக்கு வரவில்லை. பின்னர் மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டங்கள் பெருகியபோது, விடியும் முன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வு லியன்தே பிறந்த மண்ணிலும் அதே மக்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சரடின் ஒரு முனை அந்தமான் நிக்கோபாரிலும் இருக்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதி, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டது. ஒரு செவிலியரின் விரல்நுனிக்கும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் விரல்நுனிக்கும் இடையே இருக்கும் அந்தத் தொடர்பு கையுறைப் பெட்டியின்மேல் எங்கும் அச்சிடப்படுவதில்லை.

முகக்கவசம் பெட்ரோலியக் குடும்பத்துப் பிள்ளை; பாலிபுரோப்பிலீனை உருக்கி ஊதி நூலிழையாக்கிய படலம். என்95இன் திறமை இழையின் நெருக்கத்தில் மட்டும் இல்லை, அந்த இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்சாரத்தில் இருக்கிறது. தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசியில் பணியாற்றிய பீட்டர் சாய் 1990களில் செம்மைப்படுத்திய உத்தி அது. நுண்துகள் இழையில் மோதவேண்டியதில்லை. பக்கத்தில் போனாலே இழுக்கப்படும். சோப்புப் போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ அந்த மின்னேற்றம் போய்விடும். கவசம் புதிதுபோலவே தோன்றும், வடிகட்டும் திறன் மட்டும் சரிந்திருக்கும்.

இவ்வளவு தொலைவில் பிறந்த இரு பொருள்களுக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு: எண்ணெய். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ரப்பர் உப்பி வலுவிழக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய கைமேல் லேடெக்ஸ் கையுறை மாட்டக்கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். என்95இன் முதல் எழுத்தோ, எண்ணெய்த் துளிகளைத் தாங்காது என்பதற்கான குறி. எண்ணெய் ஆவி அந்த நிலைமின்சாரத்தை மங்கச் செய்துவிடும். மரப்பாலும் உருக்கிய பிளாஸ்டிக்கும் இப்படி ஒரே இடத்தில் தோற்கும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டோம்.

பொருந்தும் விதத்திலும் ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் இருக்கின்றன. அறுவைக் கையுறை ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை என்று எண் போட்டு வருகிறது. ஆறரைக் கை உள்ள செவிலியர் ஏழரையை மாட்டினால் விரல்நுனியில் ரப்பர் சுருக்கம் விழுந்து ஊசி பிடிபடாது. முகத்துக்கு அப்படி எண் கேட்பவர் அரிது. எல்லாருக்கும் ஒரே அளவு என்ற எண்ணம் நம் கொள்முதலில் ஊறிப்போயிருக்கிறது. என்95 காப்பது வடிகட்டியால் மட்டுமல்ல, விளிம்பாலும்தான். மூக்குத் தண்டில் உலோகப் பட்டியை அழுத்தி, இரு கையாலும் கவசத்தை மூடி, வேகமாக மூச்சு விட்டுப் பார்க்கவேண்டும். கண்ணோரம் காற்று அடித்தால் கவசம் கவசமாக இல்லை. தாடி இருந்தாலும் அப்படியே. கையுறை ஓட்டையால் தோற்கிறது. முகக்கவசம் ஓரத்தால் தோற்கிறது.

மாட்டும் வரிசையும் கழற்றும் வரிசையும் இன்னொரு அழகிய எதிரொப்பு. அங்கியும் கவசமும் கண்ணாடியும் போட்டபின் கடைசியாக மாட்டுவது கையுறை. முதலில் கழற்றுவதும் அதுவே. கவசத்தைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியில், நோயாளியின் அறையைவிட்டு வந்த பின்னர். மாசு மிகுந்தது கையுறை என்பதால் அது முதலில் போகிறது. காற்று நம்பத்தக்கதாகும் வரை கவசம் இருக்கிறது. இடையிலும் இறுதியிலும் கை கழுவவேண்டும். கையுறை போட்டதே கை கழுவியதற்குச் சமம் என்ற எண்ணமும், மூக்குக்குக் கீழே இறக்கிய கவசமும் கவசமே என்ற எண்ணமும் ஒரே தவறின் இரு வடிவங்கள்.

பற்றாக்குறைக் காலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே நடத்தப்பட்டன. ஒருமுறைப் பயன்பாட்டுக் கையுறை நம் அரசு மருத்துவமனைகளுக்கு வரும்வரை, செவிலியர்கள் பயன்படுத்திய கையுறையைக் கழுவி, வாய்ப்பகுதியைச் சுருட்டிக் காற்று அடைத்து, நீருக்குள் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்து, உலர்த்தி, பவுடர் தூவி, ஆட்டோகிளேவுக்கு அனுப்பினார்கள். 2020இல் அவர்களுக்கு அடுத்த தலைமுறை என்95 கவசங்களைக் காகித உறையில் போட்டு, மேலே பெயரும் நாளும் எழுதி, மாற்றி மாற்றி அணிந்தது. இந்த இரண்டு தலைமுறையின் பொறுமையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. அவர்களுக்கு அந்த நிலை வந்திருக்கக்கூடாது.

இரண்டும் காக்கின்றன, இரண்டும் ஏதோ ஒன்றை எடுத்தும் கொள்கின்றன. மூன்று விரல் வைத்து நாடி பார்த்த மரபு நமக்கு உண்டு; கையுறை அந்தத் தொடுகையை மழுங்கடிக்கிறது. வலியில் இருப்பவர் முதலில் தேடுவது எதிரே இருப்பவரின் முகத்தை. முகக்கவசம் அதை மறைக்கிறது. கொரோனா வார்டுகளில் பிபிஇ அங்கியின் மார்பில் மார்க்கரால் தங்கள் பெயரை எழுதிக்கொண்ட மருத்துவர்களும் செவிலியர்களும் அந்த இழப்பை உணர்ந்தே எழுதினார்கள். இந்தக் குறையில் இரண்டும் சமம், எதற்கும் சலுகை காட்ட வழியில்லை.

இனி, இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தமானுக்குப் போகலாம். குட்வில் எஸ்டேட் போன்ற ஓர் ஊரில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரை நினைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் இந்தத் தீவுகளின் பழைய பகை எலிக்காய்ச்சல். 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று அஞ்சப்பட்டு, பின்னர் லெப்டோஸ்பைரா கிருமியே காரணம் என்று தெரியவந்த நோய் அது. சேற்றுநீர் வழியே தோலின் வெட்டுக்காயத்தில் நுழையும் கிருமிக்கு முன் முகக்கவசத்துக்கு வேலையில்லை. கையுறைக்கும் காலணிக்கும்தான் வேலை. 2020 மார்ச் கடைசியில் கொரோனா இதே தீவுகளை எட்டியபோது வரிசை தலைகீழாயிற்று. முகக்கவசம் முன்னே வந்தது, கையுறை பின்னே போனது. போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் இரு நோய்களுக்கும் மாதிரிகளைச் சோதித்திருக்கிறது. ஒரே மையத்தில், ஒரே கைகள், நோய்க்கு நோய் வேறு உறை.

ஆனால் யாரிடமிருந்து யாருக்குக் காவல் என்பதே இந்தத் தீவுகளில் முதன்மையான கேள்வி; அது இன்னும் பழையது. 1877இல் குடியேற்றத்தின் வழியே வந்த தட்டம்மை கிரேட் அந்தமானியரைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது; சில ஆயிரமாக இருந்த அந்த இனம் இன்று சில பத்துகளில் நிற்கிறது. 1996இல் கால் முறிந்த ஜாரவா பழங்குடி இளைஞன் ஒருவன் போர்ட் பிளேர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் தங்கிக் குணமடைந்து திரும்பினான். 1999இல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியபோது அதே ஊரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் அவர்கள் சிகிச்சை பெற்றார்கள். 2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியரில் 10 பேருக்குக் கொரோனா உறுதியானது. நோய் இங்கே நோயாளியிடமிருந்து மருத்துவரை நோக்கி வரவில்லை; வெளியுலகிலிருந்து, ஒருவேளை மருத்துவர் வந்த அதே பாதையில், அவர்களை நோக்கிப் போகிறது.

அப்படியானால் ஜாரவா குடியிருப்புக்குள் போகும் செவிலியர் அணியும் கவசம் வு லியன்தேயின் கவசமல்ல, மிக்குலிச்சின் கவசம். தனக்காக அல்ல, எதிரே இருப்பவருக்காகக் கட்டுவது. வால்வு வைத்த என்95 இங்கே தீங்கே செய்யும். வழக்கமான கொள்முதல் பட்டியல் மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பு என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ்க் கவசத்தையும் கையுறையையும் கேட்கிறது. இந்தத் தீவுகளுக்கு அந்தத் தலைப்பு பாதி உண்மைதான். சென்னையிலிருந்து கப்பல் வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் இடத்தில், தவறான அளவோ தவறான வகையோ வந்திறங்கினால் மாற்றிக்கேட்க நேரம் இருக்காது.

எடைபோட்டுப் பார்த்தால், இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு இடமில்லை. எது யாருக்காக என்ற கேள்விக்குத்தான் இடம் உண்டு. தீவுகளின் சுகாதாரத் துறை தன் அடுத்த கொள்முதலில் மூன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும்: பணியாளரின் கையளவு எழுதிய கையுறைப் பட்டியல், முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்த என்95, பழங்குடி மக்களிடம் போவோருக்கு வால்வு இல்லாத கவசம் மட்டுமே என்ற உத்தரவு. மூன்றுக்கும் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.